பதில் வராத பட்சத்தில்

படிக்கிற கண்ணாடிக்குப் பவர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் கண்ணாடிக் கடையில் ஓர் அட்டை இருந்தது. அது கிழிந்து மூன்று வருடமாகிறது. முதலாளி புதிது வாங்கவில்லை. தொலைபேசி நிறுவனம் மாதாமாதம் என் வீட்டுக்கு அனுப்பும் சேதிக் கடிதத்தை நான் கடைக்குக் கொண்டுவந்துவிடுவதால் அவருக்கு அந்தச் செலவு மிச்சம். கடிதத்தின் தலையில் ‘மகிழ்ச்சியான செய்தி’ என்று கட்டைவிரல் பருமனில் இருக்கும். கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வந்து, கடைசி வரி எறும்பு போன தடம் மாதிரி ஆகிவிடும். அதைப் படித்துவிட்டால் பவர் சரி. பார்வை சோதிப்பதற்கென்றே அச்சடிக்கும் அட்டைகளில்கூட எழுத்து இவ்வளவு ஒழுங்காகச் சிறுப்பதில்லை.

அன்றைக்குச் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் படித்தால் ஒரு வகுப்புக்கே கேட்கும்.

“வீட்டு இணையம் இனி நான்கு மடங்கு வேகம்” என்று முதல் வரியைப் படித்தார். “குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் வேறு வேறு படம் பார்க்கலாம்” என்று இரண்டாவதையும் படித்தார். நான் லென்சை மாற்றினேன். “அழைப்பவரின் பெயரும் படமும் தெரியும் புதிய தொலைபேசி” என்று நான்காவது. இன்னொரு லென்சைச் செருகினேன். கடைசி வரிக்கு வந்தார். கண்ணைச் சுருக்கவில்லை.

“இம்மாதக் கடைசி ஞாயிறு நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தங்கள் பழைய கம்பி இணைப்பும் எண்ணும் நிரந்தரமாக விலக்கிக்கொள்ளப்படும். பதில் வராத பட்சத்தில் தாங்கள் இதை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்.”

சட்டத்தைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நல்லா தெரியுதும்மா. இதையே போட்டுடுங்க.”

நான் சீட்டில் எழுத வேண்டிய பவரை மறந்துவிட்டேன். மறுபடி அவரைப் படிக்கச் சொன்னேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ஏம்மா, தப்பாப் படிச்சேனா?”

“இல்லை சார். நீங்க சரியாத்தான் படிச்சீங்க.”

*

எங்கள் வீட்டுத் தொலைபேசி பழைய கறுப்புப் பெட்டி. யார் கூப்பிடுகிறார்கள் என்று அதில் தெரியாது. அது ஒன்றுதான் அதன் பெருமை.

என் மகள் வீட்டை விட்டுப் போய் நான்கு வருடமாகிறது. இருபத்தாறு வயதிலும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வேண்டாம் என்று சொன்னாள். காரணம் சொன்னாள். காரணம் நியாயமானது என்று எனக்கு அப்போதே தெரியும். அழைப்பிதழ்க் கட்டு என் கையில் இருந்தது. அவள் அப்பா வாசலைக் காட்டி, “போறதுன்னா இப்பவே போயிடு. எனக்கு மகள் இல்லைன்னு நினைச்சுக்கறேன்” என்றார். பாப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அழைப்பிதழ்க் கட்டின் நூலைப் பிரித்து மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றே காலுக்கு மணி அடித்தது. அது அவள் அப்பா நூலகத்துக்குப் போகிற நேரம். எடுத்தேன். யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பெற்றவளுக்கு அது போதும்.

“எங்கேம்மா இருக்கே?” என்றேன். வைத்துவிட்டாள்.

கேள்வி கேட்டால் வைத்துவிடுவாள் என்று கற்றுக்கொள்ள எனக்கு மூன்று அழைப்பு ஆனது. அதற்குப் பிறகு சேதி மட்டும் சொல்வேன். குளியலறைக் குழாய் மாற்றியாயிற்று. மாடிவீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது. கடையில் ஒருத்தர் தன் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே தொலைந்துபோச்சு என்று வந்தார். மூச்சு சில சமயம் சிரிப்பதற்கு முன்னால் நிற்கும் மூச்சாக மாறும். எனக்கு அந்த வாரம் முழுக்க அது போதும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, “அப்பா போயிட்டாரும்மா. செவ்வாய்க்கிழமை” என்று சொன்னேன். அவள் வைக்கவில்லை. ரிசீவரை எங்கோ மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. நாற்பது நிமிடம் அப்படியே கிடந்தது. தூரத்தில் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

அவர் போன பிறகு எனக்கென்று ஒரு செல்போன் வாங்கினேன். “என் நம்பர் சொல்லட்டுமா?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அடுத்த நாலு ஞாயிறும் மணி அடிக்கவில்லை. பிறகுதான் புரிந்தது. செல்போனில் கூப்பிடுகிறவர் எண் தெரிந்துவிடும். அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் மட்டும்தான் அவளால் ஒளிந்துகொண்டு வர முடியும்.

வீட்டு விலாசம் அவளுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். மூடின கதவைத் தட்டுவது வேறு.

*

நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். அவர்கள் பக்கத்திலிருந்து எது பேசினாலும் முதலில் இரண்டு விநாடி ஒன்றும் கேட்காது. பிறகுதான் அந்தக் குரல் வரும். அது பொய்ப்பல்லைப் போல ஒழுங்கான குரல்.

“மகிழ்ச்சியான செய்தியைக் கேட்க ஒன்றை அழுத்தவும். மறுபடி கேட்க இரண்டை அழுத்தவும். உங்கள் மகிழ்ச்சியைத் தெரிவிக்க மூன்றை அழுத்தவும்.”

வேண்டாம் என்று சொல்ல எந்த எண்ணும் இல்லை. மூன்றை அழுத்தினேன். அரை மணி நேரம் கழித்து ஓர் இளைஞர் லைனில் வந்தார்.

“சொல்லுங்க மேடம், எவ்வளவு மகிழ்ச்சி? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள.”

“எனக்கு மகிழ்ச்சி இல்லப்பா. பழைய லைனே இருக்கட்டும்.”

“சரி மேடம். ஏழுன்னு போட்டுக்கறேன். வேண்டாம்னு சொல்றதுன்னா கிளை அலுவலகத்துக்கு நேர்ல வரணும்.”

போனேன். கடையில் அரை நாள் விடுப்பு. கூடம் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. சீட்டு இயந்திரம் எனக்கு இருநூற்றுப் பதினாலு என்று கொடுத்தது. சுவரில் பெரிய திரை. அதில் ஒரு குடும்பம் ஆளுக்கொரு கருவியைப் பார்த்துத் தனித்தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் என்னைத் தவிர நாலே பேர். ஆனாலும் இருநூற்றுப் பதிமூன்று பேரைக் கூப்பிட்டு, யாரும் வராததால் அவர்கள் திருப்தியடைந்துவிட்டதாகத் திரையில் போட்டு, அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு எதிரே ஒரு பெண். சட்டையில் ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர்’ என்று வில்லை குத்தியிருந்தது. என் மகள் வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பு. பவர் மாற்ற வேண்டிய கண்ணாடி.

“இணைப்பு சார் பேர்ல இருக்கு. அவர் வந்து கையெழுத்துப் போடணும் மேடம்.”

“அவர் இறந்து ரெண்டு வருஷமாச்சு. அப்பவே சான்றிதழ் கொடுத்திருக்கேன்.”

விசைகளைத் தட்டினாள். “ஆமா, வந்திருக்கு. ஆனா எங்க பட்டியல்ல இறப்புன்னு ஒரு காரணம் கிடையாது மேடம். வீடு மாறினவர், கட்ட முடியாதவர், போட்டி நிறுவனத்துக்குப் போனவர். மூணுதான். சாரை மூணாவதுல போட்டிருக்காங்க.”

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. இரண்டு வருடமாக அவர் பெயருக்கு வேறு ஒரு பிரிவிலிருந்தும் கடிதம் வந்துகொண்டிருந்தது. ‘எங்களை விட்டுப் பிரிந்தது ஏன்? இப்போது இருக்கும் இடத்தில் எங்களைவிட நல்ல சேவை கிடைக்கிறதா? திரும்பி வந்தால் முதல் மூன்று மாதம் இலவசம்.’ ஒரு மழைக்கால மாலையில் நான் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதிருக்கிறேன். அதை எழுதியவர்களுக்கு அவர் ஏன் போனார் என்று கேட்கத் தோன்றியிருக்கிறதே என்று.

“போனவர்னு போட்டுட்டு, அவரே வந்து கையெழுத்துப் போடணும்னா எப்படிம்மா?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “எனக்குப் புரியுது மேடம். ஆனா நான் ஏத்துக்கிட்டதாத்தான் பதிய முடியும். மறுப்புன்னு கட்டமே இல்ல. ஒண்ணு பண்ணுங்க. பதினெட்டாம் தேதி வாடிக்கையாளர் சங்கமம் நடக்குது. பொது மேலாளர் வர்றார். சாருக்கு விருது இருக்கு. அவர்கிட்ட நேராச் சொல்லிடுங்க.”

“எவருக்கு விருது?”

“உங்க சாருக்குத்தான் மேடம்.”

*

சங்கமம் ஒரு குளிரூட்டிய அரங்கில் நடந்தது. இருநூறு நாற்காலி. எழுபது பேர் இருந்திருப்போம். மீதி நாற்காலிகளிலும் வரவேற்புப் பை வைத்திருந்தார்கள்.

பொது மேலாளர் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். பேச ஆரம்பித்ததும் குரல் தழுதழுத்தது.

“அந்தக் காலத்தில் வாடிக்கையாளர்கள் எங்களிடம் பேசுவார்கள். லைன் சரியில்லை என்பார்கள், பில் சரியில்லை என்பார்கள். எவ்வளவு வருத்தமான காலம். இன்று பேச வேண்டியதை எல்லாம் நாங்களே பேசிவிடுகிறோம். மாதம் ஒரு கடிதம், வாரம் மூன்று குறுஞ்செய்தி, தினமும் ஓர் அழைப்பு. ஒரு குடும்பத்தில் அப்பா பேசுவார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அதுதானே நல்ல குடும்பம்? சென்ற ஆண்டு ஒன்பது லட்சம் வீடுகளுக்கு எங்கள் மாற்றங்களை அறிவித்தோம். ஒருவர்கூட மறுக்கவில்லை. மறுக்க வழியில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். மறுக்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கு வழி எதற்கு?”

கைதட்டினார்கள். அவர் குரல் எனக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. என் வீட்டு வாசலில் கேட்டது.

அடுத்து விருது. “இருபத்தைந்து ஆண்டு வாடிக்கையாளர். அதில் கடைசி இரண்டு ஆண்டுகளாக ஒரு புகார் இல்லை, ஒரு கேள்வி இல்லை, எங்கள் எந்த அழைப்பையும் பாதியில் துண்டிக்கவில்லை. லட்சிய வாடிக்கையாளர்.” என் கணவர் பெயரைச் சொன்னார்கள். மேடைக்கு நான் போனேன்.

சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு, “சார், அவர் இறந்துட்டார்” என்றேன். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் அரங்கத்துக்கே கேட்டுவிட்டது.

பொது மேலாளர் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “கேட்டீர்களா? இறந்த பிறகும் நம்மை விட்டுப் போகாதவர்.”

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். இரண்டு பேர் எழுந்தே நின்றார்கள்.

படம் எடுப்பதற்காக நிற்கும்போது அவர் காதோரம் சொன்னேன். “அந்த நம்பரை மட்டும் எடுத்துடாதீங்க சார். அந்தப் பழைய பெட்டியும் இருக்கட்டும். அதுல ஒருத்தர் கூப்பிடுவாங்க.”

“யாரும்மா?”

“பேச மாட்டாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “அவங்களும் எங்க வாடிக்கையாளரா?” என்று கேட்டார். பிறகு படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே உதவியாளரிடம் ஏதோ சொன்னார். உதவியாளர் என் பெயரைக் குறித்துக்கொண்டு விதிகளைச் சொன்னார். கடைசி ஞாயிறு காலையில் பழைய எண்ணுக்கே உறுதிப்படுத்தும் அழைப்பு வரும். அதில் பதினாலு அறிவிப்பு இருக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஆம் என்று சொல்ல வேண்டும். பதினாலுக்கும் சொல்லி முடித்தால் எண் என்னிடமே இருக்கும். நடுவில் வைத்துவிட்டால் கோரிக்கையை நானே திரும்பப் பெற்றதாக ஆகிவிடும்.

“காலையிலேன்னா எத்தனை மணிக்குங்க?”

“அதை நாங்க முன்கூட்டியே சொல்றதில்ல மேடம். ஆச்சரியமா இருக்கட்டும்னுதான்.”

*

அந்தக் கடைசி ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை லைன்மேன் புதுக் கம்பி இழுக்க வந்தார். பதினைந்து வருடமாக எங்கள் தெருவைப் பார்க்கிறவர். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேனே என்றேன்.

“வேண்டாம்னா அதுக்கும் இழுத்து வச்சுட்டுத்தான்க்கா போகணும்” என்று கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஓட்டை போட்டார். சுண்ணாம்புத் தூள் பெட்டியின் மேல் படிந்தது. நான் முந்தானையால் துடைத்தேன். அவர் ஏணியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணாக்கா?”

நான் முந்தானையை உதறினேன்.

“ஞாயித்துக்கிழமை கூப்பிடுதுன்னு நினைக்கிறேன். கம்பத்துல வேலை செய்யும்போது ரெண்டு மூணு தடவை லைன்ல மாட்டியிருக்கேன். நீங்க பூனைக் கதை சொல்லிட்டிருந்தீங்க. கேட்கக் கூடாதுன்னு உடனே எடுத்துட்டேன்க்கா.” இறங்கி வந்தார். “எக்ஸ்சேஞ்சுல என் கூட்டாளி இருக்கான். எந்த நம்பர்லேருந்து வருதுன்னு அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவான். ஊர்கூடச் சொல்லிடுவான். ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஒரு வார்த்தைதான். வாய் வரைக்கும் வந்தது.

அந்த எண் தெரிந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் கூப்பிட மாட்டேன். இரண்டாம் நாளும் மாட்டேன். மூன்றாம் நாள் கூப்பிடுவேன். இந்தப் பெட்டி ஒன்றிலாவது அம்மா பார்க்க மாட்டாள் என்று நம்பி வருகிறவளை நான் பின்பக்கமாகப் போய்ப் பிடித்தது போலாகும். அன்றைக்கு வாசலிலேயே அவளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டவள் நான்.

“வேண்டாங்க” என்றேன். “ஞாயிறு எப்படியும் நம்பர் நிலைச்சுடும்.”

“உங்க இஷ்டம்க்கா.” துரப்பணத்தைப் பையில் போட்டார். “மனசு மாறினா ஞாயிறுக்குள்ள சொல்லுங்க. அப்புறம் அந்தப் பழைய எக்ஸ்சேஞ்சே இருக்காது.”

*

ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்குள் அவர்கள் அழைப்பு வந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பதினொன்று ஐந்துக்கு வந்தது. முதலில் இரண்டு விநாடி ஒன்றும் கேட்கவில்லை.

“வணக்கம், லட்சிய வாடிக்கையாளரே. அறிவிப்பு ஒன்று. நாங்கள் உங்கள் குடும்பத்தில் ஒருவர். ஏற்கிறீர்களா?”

“ஆம்.”

“அறிவிப்பு இரண்டு. உங்களுக்கு என்ன தேவை என்பதை உங்களுக்கு முன்பே நாங்கள் அறிவோம். ஏற்கிறீர்களா?”

“ஆம்.”

நடுநடுவே இசை வேறு. ஐந்தாவதில் புதிய தொலைபேசி அழைப்பவரின் முகத்தையும் காட்டும் என்றது. ஆம் என்றேன். ஏழாவதில், நான் கேட்காமல் இருப்பதே கேட்பது என்பதற்கு ஒப்பாகும் என்றது. ஆம் என்றேன். ஒன்பதாவது நடந்துகொண்டிருக்கும்போது காதுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு ‘டிக்’. வேறு யாரோ லைனில் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே கால்.

எட்டுத் தடவை மணி அடித்துவிட்டால் அதற்கு மேல் அவள் காத்திருக்க மாட்டாள். நான் எடுக்கத் தாமதமான நாட்களில் எண்ணியிருக்கிறேன். இன்னும் ஐந்து அறிவிப்புகள். வைக்காமல் இருந்தால் வருகிற ஞாயிறுகள் எல்லாம் என்னுடையவை. ஆனால் இன்றைக்கு அம்மா எடுக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றும். அவள் பார்க்கிறாள், நான் நூல் முடிச்சைப் பார்க்கிறேன்.

நாலாவது டிக்.

“அறிவிப்பு பத்து. உங்கள் மௌனத்தை நாங்கள் மதிக்கிறோம். ஏற்கிறீர்களா?”

“இல்லை” என்றேன். ரிசீவரை வைத்தேன்.

உடனே மணி அடித்தது. எடுத்தேன். மூச்சு.

பன்னிரண்டுக்கு நாற்பத்தைந்து நிமிடம் இருந்தது. அது நிறைய நேரம். நான்கு வருடத்தில் அவ்வளவு நேரம் என் கையில் இருந்ததே இல்லை. அதனால் முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னேன்.

“பாப்பா, இன்னைக்குப் பூனைக் கதை இல்லம்மா. அன்னைக்கு அப்பா உன்னைப் போகச் சொன்னப்ப நான் பேசாம நின்னேன். நானும் அதுக்குச் சரின்னு சொன்னதா நீ எடுத்துக்கிட்டே. வேற எப்படி எடுத்துக்க முடியும். ஆனா நான் சரின்னு சொல்லலம்மா. மனசுக்குள்ள சொல்லல. அதை வெளிய சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆயிடுச்சு.”

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சேதி சொல்லி நிரப்பாமல் அவள் மௌனத்தை அப்படியே விட்டேன். இதுவரை அப்படி விட்டதே இல்லை. அவள் பக்கம் குழாயில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. யாரோ அதை மூடினார்கள். பிறகு அந்த அமைதிக்குள் இரண்டு பேரும் இருந்தோம். பத்து நிமிடம் இருக்கலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தது என் தவறு. இல்லை, அதை நான் தவறு என்று இன்றுவரை நினைக்கவில்லை.

“இன்னைக்குப் பன்னெண்டு மணியோட இந்த லைன் போயிடும்மா. என் செல் நம்பர் சொல்றேன். நீ கூப்பிட்டா உன் நம்பர் அதுல தெரியும். நான் அதைப் பார்க்க வேண்டாம்னு நீ நினைச்சா பார்க்கல, கண்ணை மூடிக்கிட்டு எடுக்கறேன். எழுதிக்கிறியா?”

ஓர் இழுப்பறை திறக்கும் சத்தம். காகிதம்.

“ம்” என்றாள்.

நாலு வருடத்தில் முதல் சத்தம். பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்த அட்டையை எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன், கடையில் கண் தெரியாதவர்களுக்குச் சொல்வது மாதிரி நிதானமாக. ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றாள். இரண்டாவதுக்கு. மூன்றாவதுக்கு. ஐந்தாவதுக்கு வரும்போது அவள் குரல் உடைந்திருந்தது. ஆறு. நான் வேகமாகச் சொல்லியிருக்கலாம். அந்த “ம்” இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று இருந்தது எனக்கு. ஏழு.

ஏழாவதுக்கு “ம்” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

ரிசீவரில் ஒன்றுமே இல்லை. ‘டொய்ங்’ என்ற சத்தம்கூட இல்லை. நான் எட்டாவதைச் சொன்னேன். ஒன்பதாவதையும் பத்தாவதையும் சொன்னேன். பதினொன்று முப்பத்தாறு.

மேசைமேல் இருந்த செல்போன் அதிர்ந்தது. ‘மகிழ்ச்சியான செய்தி. வாக்களித்த நேரத்துக்கு இருபத்துநான்கு நிமிடம் முன்னதாகவே உங்கள் பழைய இணைப்பை விலக்கிவிட்டோம்.’

*

அதே செல்போனில் லைன்மேனைக் கூப்பிட்டேன். அவர் குரலே சரியில்லை. சீக்கிரம் முடிக்கிற எக்ஸ்சேஞ்சுக்குப் பரிசு அறிவித்திருந்தார்களாம். பதிவேடெல்லாம் முந்தின நாளே அழித்தாயிற்றாம், இடத்தை அடைக்கிறது என்று.

“அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா…” என்றவர் நிறுத்திக்கொண்டார். “சாப்பிட்டீங்களாக்கா?”

மறுநாள் கடைத் தொலைபேசியிலிருந்து என் பழைய எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். “நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் மேலான நிலைக்கு உயர்ந்துவிட்டார். அவருடைய மகிழ்ச்சியில் நீங்களும் பங்குகொள்ளுங்கள்” என்றது. அடுத்த ஞாயிறு பதினொன்றே காலுக்கு இதை அவளும் கேட்பாள். இதைக் கேட்டால் என்ன தோன்றும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கிளை அலுவலகத்துக்குப் போனேன்.

அதே பெண்தான். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். பவர் சரியாக இருந்தது. என் கோப்பைத் திறந்து பார்த்தாள்.

“பத்தாவது அறிவிப்புல நீங்களே வச்சிட்டீங்க மேடம். அதுக்கு முன்னாடி ஏதோ சொன்னதா இருக்கு. ஆனா இயந்திரத்துக்குப் புரியல. பதில் வரலைன்னு பதிவாயிருக்கு.”

“இல்லைன்னு சொன்னேம்மா.”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அந்த வார்த்தை அதுகிட்ட இல்ல மேடம்” என்றாள். பிறகு மேசைக்குக் கீழே என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

அவளுக்குப் போய்ச் சேராதது கடைசி மூன்று இலக்கம்தான். மூன்று இலக்கம் என்றால் மொத்தம் ஆயிரம் எண்கள். பாப்பா கணக்கில் கெட்டிக்காரி. அவளும் இதைப் போட்டுப் பார்த்திருப்பாள். ஞாயிறுக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டால் இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆயிரம் அந்நியர்களிடம் அவள் “அம்மாவா?” என்று கேட்க வேண்டியிருக்கும். பேசாமல் இருந்தே பழகினவள். கேட்பாளோ என்னவோ.

செல்போனை இப்போது எங்கும் வைப்பதில்லை. லென்ஸ் உரசும்போதும் இடுப்பிலேயே இருக்கிறது. தெரியாத எண் வந்தால் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறேன், சொன்ன மாதிரியே. அநேகமாக அவர்கள்தான். தினமும் ஒன்று, சில நாள் மூன்று. முதலாளி சலித்துக்கொள்கிறார். “அந்தத் தொல்லையை ஏன்க்கா எடுக்கறீங்க? நிறுத்தி வைக்க வழி இருக்கு, நான் பண்ணித் தரட்டா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எடுத்ததும் அந்தக் குரல் வருவதற்கு முன்னால் இரண்டு விநாடி ஒன்றும் கேட்காது. நானும் பேச மாட்டேன். அந்த இரண்டு விநாடியும் லைனில் இருப்பது யார் என்று யாராலும் சொல்ல முடியாது.